வீட்டுக்கு விட்ட வரிசை

“வந்துட்டேன்” என்று குரல் கொடுத்துவிட்டேன், ஆனால் எங்கே வந்தேன், இன்னும் பின்வாசல் குழாயடியில்தான் நிற்கிறேன், கையில் சோப்பு. உள்ளே தரையில் குண்டாவை வைத்த சத்தம் கேட்டது, ணங்கென்று, பெரிய எவர்சில்வர் குண்டா, அதன் விளிம்பில் கனிஷ்கா விரலால் தட்டிக்கொண்டிருக்கிறாள், பசி வந்தால் என் மகள் எதையாவது தட்டுவாள், வயிற்றுக்குள் இருந்தபோதே அப்படித்தான் என்று வளர்மதி சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடை கிடையாது, வெயில் கறிவேப்பிலை மரத்தடியில் வந்து படுத்திருக்கிறது, சாமைச் சோறும் தட்டைப்பயறு கத்தரிக்காய்க் குழம்பும் மணக்கிற மணம் ஜன்னல் வழியாக வந்து என்னைக் கூப்பிடுகிறது, நானோ கை கழுவிக்கொண்டிருக்கிறேன். கை கழுவப் போய் இவ்வளவு நேரமா என்றால் ஆமாம், இவ்வளவு நேரம்தான், மற்றவர்கள் கை வேறு, என் கை வேறு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட் ரோட்டில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறவன் கை. வளர்மதிக்கு வலது கையில் மாவுக்கட்டு, விரல் நுனி மட்டும்தான் வெளியே தெரிகிறது, அதனால் இந்த வாரம் முழுக்க வீட்டில் யாரும் யாருக்கும் சோறு பிசைந்து கொடுக்கவில்லை, ஆளுக்கொரு தட்டு, அவள் இடது கையில் ஸ்பூன் பிடித்து எப்படியோ தின்கிறாள், கனிஷ்கா பாதித் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள். இன்றைக்கு உட்காரும்போதே சொல்லிவிட்டாள், “இன்னைக்கு அப்பா பெசஞ்சு குடுக்கட்டும்மா. தட்டுல போட்டா எனக்கு வேணாம்.” நான் வளர்மதியைப் பார்த்தேன். வளர்மதி குழம்புச் சட்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “பெசைங்களேன்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், வேறு ஒன்றும் இல்லை, அந்த ஒரு சொல்லுக்கு நான் எத்தனை வருஷமாகக் காத்துக்கிடந்தேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. உடனே உட்கார்ந்து கையை விட்டிருக்க வேண்டியதுதானே. கை கழுவிட்டு வந்துடறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

சோப்பு நுரைக்குள் விரல்கள் வழுக்குகின்றன, ஒவ்வொரு விரலாகப் பிடித்துத் தேய்க்கிறேன், நகக்கண், விரல் இடுக்கு, உள்ளங்கை ரேகை, ரேகைக்குள்தான் மருந்து வாசம் போய் உட்கார்ந்துகொள்ளும். கழுவி முகர்ந்து பார்த்தால் எலுமிச்சை வாசம், சோப்பு டப்பாவில் எழுதியிருக்கிற அதே எலுமிச்சை. ஆனால் என் மூக்கை நம்ப முடியுமா. கடைக்கு வருகிறவர்கள் படியேறும்போதே துண்டை எடுத்து மூக்கில் வைப்பார்கள், நான் கல்லாவில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு “வாங்க, வாங்க, என்ன பூச்சி” என்பேன், எனக்கு ஒன்றுமே அடிக்காது, டீ மணம் மட்டும்தான். பாட்டில் மூடி கசிகிறதா என்று அட்டைப்பெட்டியை மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கிற காலமெல்லாம் போய்விட்டது, இப்போது கையால் தடவித்தான் பார்க்கிறேன், தடவினால் கையில் வருகிறது, மூக்குக்குத் தெரியாதது கைக்கு வந்துவிடுகிறது. அழுகின வெங்காயத்தை மண்ணெண்ணெயில் போட்ட வாசம் என்று கனிஷ்காவே ஒருநாள் சொன்னாள், பள்ளிக்கூடத்துக்கு யாரோ ஒரு பையன் தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு அதே சட்டையோடு வந்திருந்தானாம், “அப்பா கடை வாசம்ப்பா அவன்மேல” என்றாள், சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், அவளுக்கு அதில் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. வளர்மதியிடம் கையை நீட்டி “வருதா?” என்று கேட்பேன். “இல்லைங்க” என்பாள். நான் கேட்டு முடிக்கிறதற்குள் சொல்லிவிடுவாள், முகர்ந்து பார்க்கிற நேரம்கூட எடுத்துக்கொள்ள மாட்டாள், எனக்கு அதுதான் உறுத்தும், மோந்து பார்க்காமலே இல்லை என்கிறவளுக்கு எல்லாம் தெரியும் என்றுதானே அர்த்தம். இன்னொரு தடவை சோப்பு போடு. போட்டுத் தேய்.

கனிஷ்காவுக்கு அப்போது மூன்று வயது இருக்கும். அன்றைக்குக் கடையில் ஒரு பாட்டில் கை தவறி உடைந்துவிட்டது, மரத்தூள் போட்டு அள்ளிவிட்டு, குளித்துவிட்டுத்தான் வந்தேன், தலைக்கே குளித்தேன். வளர்மதி பிசைந்துகொண்டிருந்தாள், பருப்புச் சோறு, நானும் ஆசையாகக் கையை விட்டு ஒரு வாய் எடுத்துப் பிள்ளை வாய்க்கிட்டே கொண்டுபோனேன். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. “அப்பா கை நாத்தம்.” மூன்று வயதுப் பிள்ளை சொன்னதை யாராவது இத்தனை வருஷம் தூக்கிச் சுமப்பார்களா, வளர்மதி அந்த இடத்திலேயே சிரித்துவிட்டாள், “ஏய், அப்படிச் சொல்லக் கூடாது” என்றாள், பிள்ளையும் அடுத்த நிமிஷம் மறந்து என் மடியில் ஏறி உட்கார்ந்தது. நான் அந்த வாய்ச்சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். பிறகு எனக்கு ஒரு தட்டு எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு தட்டுதான். வளர்மதி குண்டாவில் சோற்றைப் பிசைவாள், சூடு ஆறுவதற்கு முன்னாலேயே கையை விட்டுவிடுவாள், அவளுக்குச் சூடே தெரியாது, நல்லெண்ணெயை நடுவில் குழி செய்து ஊற்றி ஓரத்திலிருந்து இழுத்து இழுத்துப் பிசைவாள், கனிஷ்கா உள்ளங்கையை நீட்டிக்கொண்டே இருப்பாள், ஒரு உருண்டை அவளுக்கு, ஒரு உருண்டை தனக்கு, உருண்டைமேல் கட்டைவிரலால் ஒரு குழி, குழியில் கொஞ்சம் குழம்பு, அதற்குள் அடுத்த உருண்டை. பிள்ளை கதை சொல்லிக்கொண்டே தின்னும். நான் எதிரில் சுவரோரமாக உட்கார்ந்து தட்டில் தின்பேன். அதே சோறுதான், அதே குழம்புதான், அதே எண்ணெய்தான், ஆனால் தட்டுக்கும் குண்டாவுக்கும் நடுவில் உள்ள அந்த இரண்டு முழத் தரை இருக்கிறதே, அதைத் தாண்ட எனக்கு வழி தெரியவில்லை. கையை நீட்டியிருந்தால் வைத்திருப்பாளோ என்னவோ. நான் நீட்டவில்லை. தின்றுவிட்டு அவர்கள் குண்டாவைச் சுரண்டுகிற சத்தம் கேட்கும்போது, எனக்கு இன்னும் பசிக்கிற மாதிரியே இருக்கும், வயிறு நிறைந்திருக்கும், ஆனாலும் பசிக்கும்.

சாமையும் தினையும் வரகும் இந்த வீட்டுக்கு வந்தது பிள்ளைக்கு இளைப்பு வந்த பிறகுதான். ராத்திரி மூச்சு வாங்கும், நெஞ்சுக்கூடு ஏறி இறங்கும், தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். டாக்டர் தூசியா இருக்கலாம், பனியா இருக்கலாம், வளர வளரச் சரியாப் போயிடும் என்றார். இருக்கலாம், இருக்கலாம் என்று அவர் அடுக்கிக்கொண்டு போகும்போது நான் தலையைக் குனிந்துகொண்டு அடுத்ததாக என் கடையைச் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன், சொல்லவில்லை. வளர்மதியும் சொல்லவில்லை. மறுநாளே வீட்டு அரிசியை மாற்றினாள், எண்ணெயை மாற்றினாள், செக்கு எங்கே ஆட்டுகிறார்கள் என்று விசாரித்து நேரில் போய் நின்று ஆட்டி வாங்கி வந்தாள், சர்க்கரை போய் கருப்பட்டி வந்தது, பாக்கெட் மசாலா போய் அம்மியும் மிக்சியும் வந்தன, மாடியில் சாக்குப் பையில் கீரை போட்டாள், கோழிமுட்டை வாங்கும்போது அந்தக் கோழி என்ன தின்கிறது என்று கோழிக்காரியை நிற்கவைத்துக் கேட்டாள். ஊர் முழுக்கக் காய்கறி, வண்டி வண்டியாக வெளியூர் போகிற காய்கறி, விடியும் முன்னாலே மார்க்கெட்டில் தக்காளிக் கூடைகள் மலையாகக் குவிகிற ஊர், அந்த ஊரில் ஒரு கிலோ கத்தரிக்காய்க்கு என் பெண்டாட்டி அலைந்தாள். பின்வாசலில் எனக்கு ஒரு வாளி வைத்தாள், கடைச் சட்டையைக் கழற்றிப் போட, ஒரு செம்பு வைத்தாள், ஒரு துண்டு தொங்கவிட்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால், தூசிங்க, மார்க்கெட் தூசி என்றிருப்பாள். ஒருநாளாவது, எரிச்சல் தாங்காமல் என்றைக்காவது, உங்க கடையாலதான் என்று கத்தியிருந்தால்கூட நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அந்தக் கடை வருமானம்தானே உன் செக்கெண்ணெய்க்கும் சாமைக்கும் வழி என்று கத்தியிருப்பேன், கத்தி முடித்து இரண்டு பேரும் அழுதிருப்போம், தீர்ந்திருக்கும். அவள் கத்தவே இல்லை. பிள்ளைக்கு இளைப்பு குறைந்துவிட்டது, இந்த வருஷம் பனியிலும் வரவில்லை. நல்ல சோறு தின்று தேறிவிட்டதா, வளர்ந்து தேறிவிட்டதா, நான் விலகி உட்கார்ந்ததால் தேறிவிட்டதா. இந்தக் கடைசிக் கேள்வி வரும்போதெல்லாம் கை தானாகக் குழாயைத் திறக்கும். இப்போதும் திறந்துதான் இருக்கிறது, தண்ணீர் வீணாகப் போகிறது.

“ப்பா! வாங்கப்பா! சோறு ஆறுது!” “இதோ கண்ணு.” இதோ என்றால் இதோதானே, போக வேண்டியதுதானே, ஆனால் குழம்பு மணம் வரும்போதெல்லாம் எனக்கு நாட்ராயன் அண்ணன் தோட்டம் ஞாபகம் வந்துவிடுகிறது, ஏனென்றால் அந்தக் கத்தரிக்காய் அவர் தோட்டத்துக் கத்தரிக்காய். இடையகோட்டைப் பக்கம் தோட்டம், என்னிடம்தான் மருந்து வாங்குவார். கத்தரியில் தண்டுத்துளைப்பான் புழு விழுந்துவிட்டது, வந்து பாருங்க தம்பி என்று கூப்பிட்டார், போனேன். வரப்பில் நடந்துகொண்டே பார்த்தால் செடியெல்லாம் பளபளவென்று நிற்கிறது, கிணற்று மேட்டோரமாக ஒரே ஒரு வரிசை மட்டும் ஓட்டை ஓட்டையாக, நுனி வாடி, காயெல்லாம் கோணலும் மாணலுமாக. “இதுக்கு அடிக்கலையாண்ணே?” என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, “அது வூட்டுக்குங்க தம்பி” என்றார். நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், கூடவே அவர் சம்சாரமும் தலையில் புல்லுக்கட்டோடு நின்று சிரித்தது. வண்டியில் திரும்பி வரும்போது கள்ளிமந்தயம் ரோட்டில் எனக்கு அந்தச் சிரிப்பு கசந்துபோயிற்று. பிறகுதான் கவனித்தேன், எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறது அந்த ஒரு வரிசை, கிணற்றடியில், வீட்டுச் சுவரோரம், வரப்பு மூலையில், தக்காளியோ வெண்டையோ அவரையோ, என்னிடம் மருந்து வாங்குகிற ஒவ்வொருவனும் வீட்டுக்கென்று ஒரு வரிசை விட்டு வைத்திருக்கிறான். எனக்குக் கோபம் வரவில்லை. பொறாமைதான் வந்தது. இத்தனை பேருக்கு வரிசை இருக்கிறது, எனக்கு மட்டும் இல்லை, நான் விற்கிறதில் எதை வீட்டுக்கென்று விட்டு வைப்பேன், எந்தப் பாட்டிலை. மறுவாரம் நாட்ராயன் அண்ணனிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன், “அண்ணே, அந்த வூட்டு வரிசையில எனக்குங் கொஞ்சம் காய் குடுங்கண்ணே, புள்ளைக்கு.” அவர் ஒரு மாதிரி பார்த்தார், அவர் சம்சாரம்தான் மடி நிறையப் பறித்துக்கொண்டு வந்து கொட்டியது. கொட்டியது என்றால் எதில் கொட்டியது, அங்கேதான் என் புத்தி போயிற்று, வண்டியில் இருந்த பையை எடுத்து நீட்டினேன், கம்பெனிக்காரன் தீபாவளிக்குக் கொடுத்த துணிப்பை, ஒரு பக்கம் மருந்து பெயர், மறுபக்கம் மல்லாக்கச் செத்துக் கிடக்கிற பச்சைப் புழு, அதைத் தூக்கிக்கொண்டு என்னமோ சாதித்துவிட்ட மாதிரி அடுக்களை வாசல் வரைக்கும் வந்து நின்றேன். “சுத்தமான காய் வளர். ஒரு சொட்டு அடிக்காதது.” வளர்மதி பையைப் பார்த்தாள். “பை?” என்றாள். ஒரே ஒரு சொல். நான் குனிந்து பார்த்தேன், புழு என்னைப் பார்த்தது. அத்தனை காயும் வாழையடிக் குப்பைக்குழிக்குப் போயிற்று. நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், கொட்டிவிட்டு வந்தவள் அன்றைக்குத்தான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள், சிரிப்புத்தானா என்று எனக்கு இன்றுவரைக்கும் சந்தேகம்.

அதற்குப் பிறகு கல்யாணவீட்டு மஞ்சள் பைதான், அதையும் வண்டியில் வைப்பதில்லை, வீட்டிலேயே ஆணியில் தொங்கும், போகும்போது எடுத்துப் போவேன். கத்தரிக்காய் அரியும்போது கனிஷ்கா பக்கத்தில் உட்கார்ந்து புழு தேடுவாள், புழு இருந்தால் கைதட்டுவாள், “இருக்குப்பா, ஒண்ணு இருக்கு, நல்லாக் கொழுகொழுன்னு!” புழு கிடைத்த அன்றைக்கு எங்கள் வீட்டில் சந்தோஷம். பகலெல்லாம் புழுவைக் கொல்ல வழி சொல்கிறவன், சாயங்காலம் புழு இருக்கிறதா இருக்கிறதா என்று பெண்டாட்டி பிள்ளையோடு தலையைக் கவிழ்த்துக்கொண்டு தேடுகிறேன், இதை நாலு பேரிடம் சொன்னால் சிரிப்பார்கள். கடையை மாற்றிவிடலாமா என்று பார்க்காமலா இருந்தேன், கடை முன்னால் ஒரு அலமாரி முழுக்கப் பஞ்சகவ்யமும் வேப்பம்புண்ணாக்கும் அடுக்கினேன், வருகிறவன் அதை ஒதுக்கிவிட்டு, “அதெல்லாம் இருக்கட்டுங்க, நாளைக்கே பூச்சி சாகணும், அது குடுங்க” என்கிறான், அலமாரியில் தூசி ஏறிக் கிடக்கிறது, நானும் துடைப்பதை விட்டுவிட்டேன். சரி, போதும், குழாயை மூடு. மூடினேன். கால் வழுக்குகிறது. பார்த்து, பார்த்து. இந்தக் கல்லில்தான் அவள் விழுந்தாள், போன வாரம், துணி அலச வந்தவள். பாசி என்றாள், மாவுக்கட்டு போடுகிற டாக்டரிடமும் பாசிங்க என்றுதான் சொன்னாள். பாசிக்கு இந்தக் கோடையில் ஏது ஈரம். ஈரம் என் ஈரம், கடையிலிருந்து வந்தால் அரை மணி, எழுந்தால் ஒரு தடவை, படுக்கும் முன்னால் ஒரு தடவை, நான் தேய்த்துத் தேய்த்து விட்ட சோப்புநீர் இந்தக் கல்லில் ஊறிப்போய் வழவழவென்று கிடக்கிறது, என் கையைச் சுத்தம் பண்ணப் போய் அவள் கையை ஒடித்துவிட்டேன். அன்றைக்கு மாலையே தேங்காய் நாரால் கல்லைத் தேய்த்தேன், அவள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், கட்டுக் கை கழுத்தில் தொங்க. “விடுங்க, காலையில தேய்ச்சுக்கலாம்” என்றாள். திட்டவில்லை. எப்போதுதான் திட்டினாள். எனக்கு ஒரு தட்டு வைத்தது யார் என்று இப்போது யோசித்தால் கூச்சமாக இருக்கிறது, வாளி அவள் வைத்தாள், செம்பு அவள் வைத்தாள், தட்டு, தட்டை நான்தான் எடுத்தேன், அலமாரியில் கை விட்டு நானே எடுத்துக்கொண்டு போய்ச் சுவரோரமாக உட்கார்ந்தேன். அவள் அன்றைக்கு என்ன செய்தாள். உருண்டை பிடித்த கையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாளே, அந்த உருண்டை யாருக்குப் பிடித்தது. இது ஏன் இத்தனை நாள் எனக்குத் தோன்றவில்லை. கல்யாணத்தன்று பால்பழம் கொடுக்கும்போது அப்படித்தான் பார்த்தாள், பழத்துண்டை எடுத்து நான் நீட்டினேன், போட்டோக்காரன் “இன்னுங் கொஞ்சம் கிட்ட, அப்படியே நில்லுங்க” என்று கத்த, அவள் வாயைத் திறந்தபடி சிரிப்பை அடக்க முடியாமல் நின்றாள். அப்போது கடை கிடையாது, காய்கறி மண்டியில் வேலை. அன்னைக்கு உங்க கையில தக்காளி வாசம் அடிச்சுதுங்க என்று பிறகு ஒருநாள் சொன்னாள், தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு, என் உள்ளங்கையைத் தன் மூக்குமேல் வைத்துக்கொண்டு. அந்தக் கை எனக்கு வேண்டும். அந்தத் தக்காளிக் கையைத்தான் இந்தக் குழாயடியில் இத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன், சோப்பு போட்டால் மேலே இருக்கிறது போய் உள்ளேயிருந்து அது வந்துவிடும் என்று.

“இன்னுமா கழுவறீங்க?” கனிஷ்கா பின்வாசலில் நிற்கிறாள், இடுப்பில் கை, அப்படியே அவள் அம்மா. “கல்லு வழுக்கும், வராதே சாமி.” வந்துவிட்டாள். என் ஈரக் கையைப் பிடித்து இழுத்தாள், துடைக்கக்கூட விடவில்லை, பாவாடையில் அவளே துடைத்துவிட்டாள், முன்னும் பின்னும். உட்காரவைத்தாள். சுவரோரம் இல்லை, குண்டாவுக்கு நேராக. வளர்மதி தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள். சோற்றிலிருந்து ஆவி வருகிறது, ஆறுது ஆறுது என்று கத்தினாளே, எங்கே ஆறியிருக்கிறது. கையை விட்டேன். சுட்டது. எடுத்துவிட்டேன், மறுபடி விட்டேன். “எண்ணெ ஊத்தணும்” என்றாள் கனிஷ்கா, அவளே ஊற்றினாள், கொஞ்சம் சிந்தினாள். பிசைகிறேன். சாமைச் சோறு நெல்லுச் சோறு போல ஒட்டாது, நழுவும், தட்டைப்பயறை நசுக்கிக் கத்தரிக்காயைக் குழைத்துச் சேர்த்தால்தான் பிடி நிற்கும், எதிரில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து எனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, கைக்குத்தான் புதுசு. முதல் உருண்டை உதிர்ந்துவிட்டது. இரண்டாவதை இறுக்கிப் பிடித்துக் கட்டைவிரலால் குழி செய்து குழம்பு விட்டு நீட்டினேன். கனிஷ்கா உள்ளங்கையை நீட்டி வாங்கினாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, குண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இப்போது திரும்பும், முகம் திரும்பும். “ய்யே, சோப்பு” என்றாள், வாய் நிறையச் சோற்றோடு. “அம்மா, அப்பா சோப்புக் கொழம்பு வெச்சிருக்கறாரும்மா.” சொல்லிவிட்டு முழுங்கினாள். முழுங்கிவிட்டுக் கையை நீட்டினாள். இன்னொன்று வைத்தேன். அதையும் தின்றாள், கதை சொல்ல ஆரம்பித்துவிட்டாள், வகுப்பில் யாரோ யார் டிபனையோ தின்றுவிட்ட கதை, நான் கேட்கவில்லை, எனக்குக் கண் மறைக்கிறது, மூக்கை உறிஞ்சினால் அழுகிறேன் என்று தெரிந்துவிடும் என்று அப்படியே பிசைந்துகொண்டிருந்தேன்.

அடுத்தது யாருக்கு. பிடித்துவிட்டேன், நல்ல உருண்டை, உதிராமல் நிற்கிறது, குழியில் குழம்பும் விட்டாயிற்று. வளர்மதியின் வலது கை கழுத்தில் தொங்குகிறது. இடது கை மடியில் கிடக்கிறது. இடது கையில் சோறு வாங்குகிற வழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது, அவள் நீட்ட மாட்டாள், நானும் வைக்க மாட்டேன். ஸ்பூன் அவள் பக்கத்தில்தான் இருக்கிறது, தட்டும் இருக்கிறது, எடுத்துக்கொள்வாள், தட்டில் போடுங்க என்பாள், இப்போது சொல்வாள். உருண்டை கையில் கனக்கிறது, குழம்பு விரலிடுக்கில் வழிகிறது. “வருதா?” என்று கேட்டுவிட்டேன். அந்தக் கேள்வி தானாக வந்துவிட்டது, வாய்ப் பழக்கம். எப்போதும் போல உடனே பதில் வரவில்லை. ஸ்பூனை ஒதுக்கி வைத்துவிட்டு, மாவுக்கட்டைக் குண்டா விளிம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தாள், என் கைக்கிட்டே முகத்தைக் கொண்டுவந்து மெதுவாக மூச்சை உள்ளே இழுத்தாள், கண்ணை மூடிக்கொண்டு, அவசரமே இல்லாமல்.

“வருதுங்க” என்றாள்.

பிறகு வாயைத் திறந்தாள். ஊட்டினேன். மென்று முழுங்குகிற வரைக்கும் கனிஷ்காகூடக் கதையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வளர்மதி உதட்டோரத்தில் ஒட்டியிருந்த பருக்கையை நாக்கால் எடுத்துக்கொண்டு, குனிந்த தலையை நிமிர்த்தாமல், மறுபடியும் வாயைத் திறந்தாள். நான் அடுத்த உருண்டையைப் பிடித்தேன்.